பெயரை வெளியிட விரும்பாதவர்

போன வாரம் திருப்பூர் பல்லடம் சாலையில் ஒரு பிரிண்டிங் யூனிட்டுக்குப் போயிருந்தேன். டி-ஷர்ட்டின் நெஞ்சில் படத்தை அச்சடித்து, அடுப்பு போன்ற நீளமான சூட்டுப் பெட்டிக்குள் பெல்ட்டில் ஓடவிட்டு, மறுமுனையில் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மை காயும்போது ஒரு வாசனை வரும். புது ரப்பர் செருப்பைப் பொசுக்கினால் வருவது போல. இந்த ஊரில் பிழைக்கிற பலருக்கு அது சோற்று வாசனை. எனக்குத் தலைவலி.

ஏற்றுமதிக்குப் போகிற துணிகளின் தரத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவது இப்போது என் வேலை. கையில் எடுத்த சட்டையில், முகத்தில் பாதியைக் கண்ணே அடைத்துக்கொண்ட ஒரு பெண்ணின் படம். ஜப்பானியப் படக்கதைகளில் வருகிற மாதிரி. இடது கண்ணின் கறுப்பு, வெள்ளையை விட்டு இரண்டு மில்லிமீட்டர் விலகி நின்றது. ரிஜக்ட் என்று எழுதினேன்.

“ரெண்டு மில்லிதானுங்க சார். இதையெல்லாம் யாருங்க பார்க்கறாங்க?” என்றார் பிரிண்டிங் மாஸ்டர்.

“நான் பார்க்கிறேன்” என்றேன். சொன்ன பிறகு என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. அதே குரலில், அதே பெருமையோடு, சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு பெண்ணிடம் பேசியிருக்கிறேன். இது இனிய நினைவு அல்ல நண்பரே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் ஒரு நாளிதழின் திருப்பூர் நிருபர். ஞாயிறு எனக்கு விடுமுறை. சனிக்கிழமை மாலை கோவையிலிருந்து செய்தி ஆசிரியர் கூப்பிட்டு, “நாளைக்கு அங்க ஏதோ மண்டல மாநாடாம். ஜப்பான்னு போட்டிருக்கு. பார்த்துட்டு ஒரு பெட்டிச் செய்தி குடு” என்றார். நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். ‘கொங்கு மண்டல மாநாடு’ என்று பெரிதாகவும், ‘சொந்தமாக வெளியிடும் ஜப்பானிய பாணிப் படக்கதைகள்’ என்று அதன் கீழே எறும்பு சைஸிலும் அச்சடித்திருந்தார்கள். பெரிய எழுத்தை மட்டும் படித்த ஒரு போலீஸ்காரர் ஞாயிறு காலையிலேயே அங்கே வந்து, எந்தக் கட்சி, எந்தத் தலைவர் வருகிறார், எத்தனை வண்டி என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார். தலைவரே இல்லாத மாநாடு என்று சொன்னதில் அவருக்குச் சந்தேகம் கூடித்தான் போனதாம்.

விஷயம் இதுதான். தாங்களே கதை எழுதி, தாங்களே வரைந்து, ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்து, நடுவில் பின் அடித்து, தாங்களே கொண்டுவந்து விற்பார்கள். ஜப்பானில் இதற்கென்றே பெரிய சந்தைகள் உண்டாம். அதைப் பார்த்து, கோவை, ஈரோடு, சேலம், கரூர் பக்கத்துப் பிள்ளைகளுக்காக இங்கே ஒன்று. நடத்தியவன் கௌதம். பனியன் கம்பெனி முதலாளி மகன், ஜவுளிப் பொறியியல் படித்தவன், அப்பாவின் யூனிட்டில் ஒரு தளத்தை ஒரு நாளைக்குக் கெஞ்சி வாங்கியிருந்தான்.

வாசலில் ஒரு அட்டை. ‘யாரிடமும் நிஜப் பெயர் கேட்காதீர்கள். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள்.’ பெயர் கேட்காமல் செய்தி எழுதுவது எப்படி என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

“இங்க எல்லாருக்கும் புனைபேருதானுங்ணா. அதுதான் இதோட வழக்கம்” என்றான் கௌதம். “வீட்டுக்குத் தெரியாம வரையறவங்க நெறையப் பேரு.”

உள்ளே, துணி வெட்டுகிற நீளமான கட்டிங் டேபிள்தான் கடைவீதி. இஞ்ச் டேப் வைத்து அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு, ஆளுக்கு இரண்டு அடி ஒதுக்கியிருந்தார்கள். ஜன்னல் இல்லாத தளம். மின்விசிறிக் காற்று பஞ்சுத் தூசியைத்தான் கிளப்பியது. ஊதா டோப்பா வைத்த ஒருவன் தெர்மாகோல் வாளோடு வேர்த்து வழிந்துகொண்டு நின்றான். என்ன வேஷம் என்று கேட்டேன். ‘இதுகூடத் தெரியாதா’ என்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். எனக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. அவர்களுக்கும் என்னைப் பிடிக்கவில்லை. அந்த ஒன்றில் மட்டும் அன்று ஒற்றுமை.

அவர்களுக்குள்ளும் ஒற்றுமை இருந்ததாகச் சொல்ல முடியாது. சாக்பீஸ் கோட்டுக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் கொங்கு நாட்டு மரியாதை குறையாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஏனுங்க, உங்க புஸ்தகம் எங்க பக்கம் வந்திருக்குதுங்க.”

“நாலு விரக்கடைதானுங்களே.”

“நாலு விரக்கடைன்னாலும் எங்க எடமுங்க. எடுத்துப்போடுங்க, இல்லாட்டி நான் எடுத்துக் கீழ போட்டுருவனுங்க.”

இத்தனை ‘ங்க’வோடு ஒருவரை அடிக்கக் கிளம்ப முடியும் என்பதை வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

பதினொரு மணிக்கு கௌதமின் அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. ஒரு புத்தகத்தை எடுத்துப் பின்னாலிருந்து முன்னாலும், முன்னாலிருந்து பின்னாலும் புரட்டினார்.

“ஏங்கண்ணு, இது நம்ம டி-ஷர்ட்டுல போடற டிசைனுங்களா?”

“இல்லீங்கப்பா. கதைங்க.”

“கதையா? எதுக்கு?”

கௌதம் புத்தகத்தை வாங்கி இருந்த இடத்தில் வைத்தான். பெரியவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, பேப்பர்ல எங்க கம்பெனி பேரு மட்டும் வந்துராமப் பார்த்துக்குங்க. சரக்கு எடுக்கற பையருங்க கண்ணுல பட்டா என்ன நெனைப்பாங்க? வேலையில்லாம மெஷினை நிறுத்தி வெச்சுருக்கறோம்னு நெனைப்பாங்க.” வராது என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை முழுசாகக் காப்பாற்றினேன் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

டேபிளின் கடைசியில், தீயணைப்பு சிலிண்டருக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு புத்தகம், அடுக்காக. தலைப்பு ‘பத்து நிமிஷம்’. ஆசிரியர் பெயர் ‘பிசிறு’. தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலுக்குப் பெயர் பிசிறு. அதை வெட்டுவது செக்கிங் பிரிவுப் பெண்களின் வேலை. அவளுடைய வலது கட்டைவிரலில் பிசிறு வெட்டும் குட்டிக் கத்தரிக்கோல் அழுத்திய தழும்பு இருந்தது. செக்கிங் என்று அவள் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததில் ஒரு பெருமை.

புத்தகத்தைப் புரட்டினேன். சுற்றியிருந்த புத்தகங்களில் செர்ரி மரமும் பள்ளிச் சீருடையும் போட்ட ஜப்பானியப் பிள்ளைகள். இதில் ஒரு பனியன் கம்பெனி. செக்கிங் பெண்களுக்கு மட்டும் முகம் நிறையக் கண். மற்ற எல்லோருக்கும் நம்மைப் போலச் சாதாரணக் கண். சூப்பர்வைசருக்குத் தலையே இல்லை. காலர் பட்டன் வரை பூட்டிய ஒரு சட்டை, அதிலிருந்து நீண்ட கை, கையில் வாட்ச். சுவர்க் கடிகாரத்தைத் தினமும் சாயங்காலம் அந்தச் சட்டை பத்து நிமிஷம் பின்னால் திருப்பி வைக்கிறது. அந்தப் பத்து நிமிஷங்கள் எங்கே போகின்றன என்று ஒரு பெண் தேடிப்போவதுதான் கதை. ஒரு பீரோவுக்குள் அவை மூட்டை மூட்டையாகக் கட்டிக் கிடக்கின்றன. நான் மதித்துப் படித்த ஒரே புத்தகம் அன்று அதுதான்.

கோவையிலிருந்து வந்த ஒரு பையன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். “தமிழை இடமிருந்து வலமா எழுதிட்டு, பக்கத்தை மட்டும் ஜப்பான் புஸ்தகம் மாதிரி வலமிருந்து புரட்ட வெக்கறீங்க. ஜப்பான்காரன் பார்த்தா சிரிப்பான்.”

“நாங்க துணிய உள்பக்கம் திருப்பித்தான் செக் பண்ணுவோம்” என்றாள் அவள். “அதுக்கு எந்த வெளிநாட்டுக்காரனும் சிரிக்கல. நீ ஏன் சிரிக்கிற?”

அவன் போய்விட்டான். நான் நோட்டை எடுத்தேன்.

“பேரு?”

“போட்டிருக்குல்ல. பிசிறு.”

“நிஜப் பேரு?”

“வாசல்ல எழுதியிருக்கதைப் படிக்கலையா சார்?” ஹாஸ்டல் வாசலில் காட்ட வேண்டிய கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் பின்பக்கம் திரும்பித் தொங்கியது. அதைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். “பேப்பர்லயெல்லாம் வேணாம். கம்பெனிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே நிப்பாட்டிருவாக. வேலை போனா ஹாஸ்டலும் போச்சு. ஊருக்குத்தான் போகணும். அங்க போனா பேனாவைத் தொட விடமாட்டாக. எங்க அண்ணன் போன தடவை ஒரு நோட்டை அடுப்புல போட்டுட்டாக.”

நான் நோட்டை மூடிச் சட்டைப் பையில் வைத்தேன். நிருபர்களின் பழைய தந்திரம் அது. நோட்டு மூடினால் வாய் திறக்கும். “பேச்சைப் பார்த்தா ராமநாதபுரம் பக்கம் மாதிரி இருக்கே?”

“சாயல்குடி” என்றாள். உடனே என்னை உற்றுப் பார்த்தாள். “எழுதமாட்டீங்கல்ல?”

“பேர் போடமாட்டேன்” என்றேன்.

வயதும் கேட்டேன். இருபத்திமூன்று. அதற்குள் அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்திருந்தது. அடுத்த கதையைப் பற்றிக்கூடச் சொன்னாள். தைத்து முடித்த சட்டைகள் எல்லாம் ராத்திரி எழுந்து, தங்களைத் தைத்தவர்களின் வீட்டு விலாசம் கேட்டு அலைகிற கதை.

பத்திரிகையில் என்னை வளர்த்தவர்கள் முதலில் கற்றுக்கொடுத்தது பெயர், வயது, ஊர், தொழில். விபத்தில் செத்தவரானாலும் பரிசு வாங்கியவரானாலும் நான்கும் வேண்டும். ஒன்று குறைந்தால் செய்தி ஆசிரியர் போனில் கேட்கிற தொனியில் சாப்பாடு இறங்காது. நான்கில் ஒன்றைக் கொடுக்க முடியாது என்றால் மீதி மூன்றையும் அழுத்தமாகக் கொடுத்துச் சரிக்கட்டுவோம். பக்கத்தில் இடம் போதாவிட்டால் டெஸ்க்கில் செய்தியைக் கீழிருந்து வெட்டுவார்கள். அவளைப் பற்றிய பத்தி வெட்டுப்படக் கூடாது என்று இரண்டாவது பத்தியாக வைத்தேன். நல்லது செய்கிற நினைப்பில் செய்தது. திங்கட்கிழமை வந்த செய்தியை இன்றும் ஒரு சொல் பிசகாமல் சொல்வேன்:

‘தன் பெயரை வெளியிட விரும்பாத, சாயல்குடியைச் சேர்ந்த 23 வயதுப் பெண், பின்னலாடை நிறுவனம் ஒன்றில் செக்கிங் பிரிவில் பணிபுரிகிறார். கடிகாரத்தைப் பத்து நிமிடம் திருப்பிவைக்கும் தலையில்லாத சூப்பர்வைசரைப் பற்றிய இவரது படக்கதை பார்வையாளர்களைக் கவர்ந்தது.’

அதைப் படித்து நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். கௌதமின் அப்பாவுடைய கம்பெனி பெயர் எங்கும் இல்லை. அவள் பெயரும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை கௌதம் கூப்பிட்டான். ஞாயிறு அண்ணாவாக இருந்த நான் சார் ஆகியிருந்தேன்.

“பேரைத் தவிர எல்லாத்தையும் போட்டுட்டீங்களே சார்.”

“பேர் போடமாட்டேன்னுதான் சொன்னேன்.”

“நேத்து மத்தியானம் அவ கம்பெனி சூப்பர்வைசர் பேப்பரோட செக்கிங் டேபிளுக்கு வந்தானாமுங்க. நின்னு முழுசா சத்தமாப் படிச்சானாம். படிச்சு முடிச்சுட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னானாமுங்க. ‘சாயல்குடி, இங்க வா.’”

தெற்கத்திப் பிள்ளைகள் நிறைந்த தளங்களில் பெயர் சொல்லி அழைக்கிற வழக்கம் அப்போது இல்லை. மூன்று முத்துலட்சுமி, நான்கு ஜெயா இருக்கிற இடத்தில் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊர்தான் பெயர். “ஏ தேவகோட்டை, அந்தக் கட்டை எடு.” “கோவில்பட்டி இன்னைக்கு லீவு.” சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பெயர். ஒரு தளத்தில் ஒரு ஊருக்கு ஒரே ஆள் என்றால் அந்த ஊரே அவள். நான் பெயரை மறைத்துவிட்டு, அந்தத் தளத்தில் எல்லோரும் அவளைக் கூப்பிடுகிற பெயரை அச்சில் போட்டிருந்தேன்.

இந்த வழக்கம் எனக்குத் தெரியாது என்றால் கொஞ்சம் தப்பித்துக்கொள்ளலாம். தெரியும். அதைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை எழுதியவனே நான்தான்.

“உங்க கம்பெனியிலே அவளுக்கு ஒரு வேலை...” என்று ஆரம்பித்தேன்.

“கேட்டுட்டனுங்க. ‘படம் வரையற புள்ளைய உள்ள விட்டா நாளைக்கு என்னைத் தலையில்லாம வரையுமுங்க கண்ணு’ன்னுட்டாரு எங்கப்பா. அதோட பேச்சு முடிஞ்சுது. பஸ் ஸ்டாண்டுல இருக்கறா. மதுரை பஸ். நீங்க போக வேண்டாங்க சார். போனா இன்னும் ஏதாச்சும் எழுதுவீங்க.”

போனேன். மதுரை வண்டிகள் நிற்கிற இடத்தில், ஒரு தோள்பையோடு, வாழைப்பழக் கூடைக்காரிக்குப் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“எதுக்கு வந்தீக?”

“மன்னிப்புக் கேட்க.”

“கேட்டாச்சுல்ல.”

“நோட்டெல்லாம்?”

“ஹாஸ்டல்ல வாங்கி வச்சுக்கிட்டாக. கம்பெனியில காட்டணுமாம்.” வண்டி வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “நீங்க எழுதுனதுல ஒத்த வரி பொய்யில்ல சார். அதான் தப்பிக்க முடியல. ஏதாச்சும் ஒண்ண மாத்தி எழுதியிருந்தாக்கூட, அது நானில்லைன்னு சாதிச்சிருப்பேன். ஊரை ராமேஸ்வரம்னு போட்டிருக்கலாம்ல? என்ன கொறஞ்சு போயிருக்கும்?”

வண்டி வந்தது. ஏறிவிட்டாள். ஜன்னல் பக்கம் இடம் காலியாக இருந்தும் உள்பக்கம் தள்ளி உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் செய்தி ஆசிரியரைக் கூப்பிட்டு, மாநாட்டுச் செய்திக்கு ஒரு திருத்தம் போட வேண்டும் என்றேன்.

“எது தப்பு? வயசா?”

“இல்லை சார்.”

“ஊரா?”

“இல்லை. ஊர் சரிதான்.”

“கதையைத் தப்பாச் சொல்லிட்டியா?”

“எல்லாமே சரிதான் சார்.”

“யோவ், எல்லாம் சரியா இருக்கற செய்திக்கு என்னய்யா திருத்தம்? தவறுக்கு வருந்துகிறோம்னு போடணும்னா தவறு ஒண்ணு வேணுமில்ல?” பிறகு குரலைத் தணித்து, “நல்ல காப்பிய்யா அது” என்றார். பத்திரிகை ஆபீஸில், நிருபர் எழுதித் தருகிற செய்திக்குப் பெயர் காப்பி. என் பத்திரிகை வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து ‘நல்ல’ என்ற சொல் வந்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த வருடமும் மாநாடு நடந்தது. வாசல் அட்டையில் ‘பத்திரிகைக்காரர்களுக்கு அனுமதியில்லை’ என்று ஒரு வரி கூடியிருந்ததாகக் கேள்விப்பட்டேன். ஆனால் கம்பெனிகளில் வேலை செய்துகொண்டு வரைந்தவர்கள் யாரும் வரவில்லையாம். கல்லூரிப் பிள்ளைகள் செர்ரி மரங்களோடு வந்து, ஒருவர் புத்தகத்தை ஒருவர் வாங்கிக்கொண்டு போனார்களாம். மூன்றாம் வருடம் நடக்கவில்லை. கௌதம் இப்போது முழுநேர முதலாளி. அந்தத் தளத்தில் தடுப்பு போட்டு ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு அறைகளாக்கிவிட்டார்கள். வழியில் பார்த்தால் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறான். எங்கள் நாளிதழ் திருப்பூருக்கென்று ஒதுக்கிய பக்கங்களை நிறுத்தியபோது நானும் வெளியே வந்தேன். தளங்களிலும் இப்போது தேவகோட்டையும் கோவில்பட்டியும் கேட்பதில்லை. இருக்கிற வடநாட்டுக்காரர்களை, இந்தியில் அண்ணன் என்று பொருள்படும் ‘பையா’ என்று மொத்தமாகக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்குக் கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். வழியில் சாயல்குடி. டீ குடிக்க வண்டியை நிறுத்தச் சொன்னேன். டீ தாகம் இல்லை என்பது ஓட்டுநருக்கும் தெரிந்திருக்கும், பத்து நிமிஷத்துக்கு முன்புதான் குடித்திருந்தோம்.

கடைக்காரர் பேச்சுக் கொடுத்தார். “எந்த ஊர்லேர்ந்து வர்றீக?”

“திருப்பூர்.”

“அடேயப்பா. எங்க ஊருப் பொம்பளப் பிள்ளைக பாதி அங்கிட்டுத்தான கெடந்து வந்துச்சுக. தெருவுக்குப் பத்துப் பேரு இருக்கும். யாரையாச்சும் பாக்க வந்தீகளா?”

“ஆமாம்.”

“யாரு? பேரச் சொல்லுங்க, ஆளைவிட்டுக் கூட்டியாரச் சொல்றேன்.”

வயது இருந்தது. வேலை பார்த்த பிரிவு இருந்தது. கட்டைவிரல் தழும்பு எந்தக் கையில் என்பதுகூட இருந்தது. பக்கத்துப் பெஞ்சிலிருந்த இரண்டு பேர் உதவி செய்கிற ஆர்வத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பேர் தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டு, டம்ளரை வைத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.